சிவப்புக் கோடு வராத திங்கட்கிழமை

அன்று காலை, புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்து ஓர் எழுத்தைத் தட்டினேன். திரையில் வரவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். அதுவும் வரவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் வந்திருந்தன.

2000-களின் நடுப்பகுதி அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத்துக்கு வந்துபோகும் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். நான் காலடிப்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். பக்கத்து நாற்காலியில் டில்லி, வியாசர்பாடிக்காரர். முதலாளி ஞானராஜ் சாருக்குத் தூத்துக்குடிப் பக்கம். குடும்பமே பருப்பு மொத்த வியாபாரம் செய்ய, இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர்.

அன்று பிற்பகல் ஒரு யார்டின் கேட்டில் எங்கள் புது புரோகிராம் ஓட ஆரம்பிக்க வேண்டும். டிரெய்லர் வந்து நின்றதும் பெட்டியின் எண்ணைத் தட்டினால், யார்டு ஆபீஸ் ஏற்றிவைத்த தடைப் பட்டியலைப் பார்த்து, வெளியே விடலாமா கூடாதா என்று திரை சொல்லும். சுங்கத்துறை தடை போட்ட பெட்டி ஒன்று தவறி வெளியே போனாலும் யார்டின் லைசென்ஸுக்கே ஆபத்து. அதற்குப் பிறகு எங்களை எந்த யார்டும் படியேற விடாது.

"இன்னா கோமதி, உன்துகூட இப்டிதான் கீதா?" என்றார் டில்லி. "என்து காலைலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு கீது."

ஞானராஜ் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மெமரி பத்தலையோ? இப்பவே ஆள விட்டு வாங்கிப் போட்டுருவோமா?"

"வேணாம் சார். முதல்ல எதனாலன்னு பாத்துடறேன்."

எங்கள் எடிட்டரில் லின்ட் என்று ஒன்று உண்டு. நாம் எழுத எழுதப் பின்னாலேயே படித்துக்கொண்டு வந்து, தப்பான வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போடும். அதை நிறுத்திப் பார்த்தேன். எழுத்துகள் கடகடவென்று வந்து விழுந்தன.

"அப்ப அத்த கட் பண்ணி வுடு. கேட்டு வேலைய முட்சிட்டு அப்பால பாத்துக்கலாம்" என்றார் டில்லி.

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. போன வாரக் கடைசியில் எங்கள் கோப்புகளில் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. நாங்கள் அவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஆட்கள் இல்லை.

லின்டை மறுபடி போட்டு, ஒரே ஒரு கோப்பைத் தனி ஃபோல்டரில் வைத்துத் திறந்தேன். வேகமாகவே ஓடியது. கோளாறு லின்டில் இல்லை, அதற்குப் படிக்கக் கொடுத்ததில்தான். புராஜெக்டை இரண்டாகப் பிரித்துப் பாதிப் பாதியாகச் சோதித்தேன். ஒரு பாதி ஓடியது, மற்றது திணறியது. திணறியதை மறுபடி இரண்டாக்கினேன். இப்படியே போய் 'பேக்கப்' என்ற ஃபோல்டரில் முட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே எங்கள் புராஜெக்டின் நகல்கள் வரிசையாக இருந்தன. ஒரு நகலைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு பேக்கப். அதைத் திறந்தால் அதற்குள்ளும்.

"டில்லி, இதை யாரு போட்டது?"

"நான்தான். ரெண்டு வாரமா டெய்லி வூட்டுக்குப் போவசொல்ல மொத்தத்தையும் காப்பி பண்ணி அதுக்குள்ளயே போட்டுட்டுப் போவேன். மழ டைம்ல டிஸ்க் பூட்ச்சே, நம்ம வேல மொத்தமும் காலி. மறுபடி அப்டி ஆவக் கூடாதுன்னுதான்."

நல்ல எண்ணம்தான். ஆனால் மொத்தத்தையும் நகலெடுக்கும்போது பழைய நகல்களும் சேர்ந்தே வந்தன. ஒவ்வொரு மாலையும் சுமை இரட்டிப்பானது. லின்ட் அத்தனையையும் படிக்க ஆரம்பித்து, பாதியில் மூச்சுமுட்டிச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். நாங்கள் புதிதாக எழுதிய வரிகள்வரை அது வந்து சேரவே இல்லை.

டில்லி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயய்ய, குட்டி போட்டுக்கினே போயிருக்கு கோமதி!"

பேக்கப்பை வேறொரு மெஷினுக்கு மாற்றிவிட்டு எடிட்டரை மூடித் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. பெரும்பாலும் சில்லறைத் தப்புகள். ஒன்று மட்டும் அப்படியில்லை. கேட் கோப்பில், தடை இருக்கிறதா என்று பார்க்கும் வரியில் இரண்டு சமக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. இரண்டு போட்டால் 'தடை இல்லையா?' என்று கேட்கும். ஒன்று போட்டால் 'தடை இல்லை' என்று தானே எழுதிக்கொள்ளும். எந்தப் பெட்டி வந்தாலும் கேட்டைத் திறக்கச் சொல்லியிருக்கும். நாங்கள் சோதனைக்கு எடுத்தவை எல்லாம் தடை இல்லாத பெட்டிகள் என்பதால் இது தெரியவே இல்லை. டில்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. திருத்தினோம், தடை போட்ட பெட்டி எண்களையும் கொடுத்துச் சோதித்தோம், அனுப்பினோம்.

பிற்பகல் யார்டு சூப்பர்வைசர் ஏகாம்பரம் போன் செய்தார்.

"இன்னா மேடம், உங்க புரோகிராமு வண்டிய வுட மாட்டேங்குது. டிரைவரு கத்திக்கினு கீறான். பின்னால லைன் கட்டி நிக்குது."

"திரையில என்ன காட்டுதுண்ணே?"

"கஸ்டம்ஸ் ஹோல்டாம்."

"அப்ப விடாதீங்க. உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "நெசந்தான் மேடம். சனிக்கெழம போட்ட ஹோல்டு, கேட்டுல யாருக்கும் சொல்லல. நான் பாட்டுக்கு வுட்டிருந்தா என் வேல பூட்டிருக்கும்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஞானராஜ் சார் சொன்னார்: "வண்டி நிக்குதுன்னு புகார் வந்து, அதுக்குச் சந்தோசப்படுத ஆபீஸ் நம்மது ஒண்ணுதான் இருக்கும்."

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பைக் காட்டவேண்டியது பேசாமல் இருந்தால், தப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது விழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாளிலிருந்து நான் காலையில் முதல் வேலையாக, வேண்டுமென்றே ஒரு தப்பான வரியை எழுதுவேன். அதன் அடியில் கோடு விழுந்ததும் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு டில்லி கேட்டார்: "காலங்காத்தால ஒரு தப்பு பண்ணாதான் உனுக்குத் தூக்கம் தெளியுமா?"

"எனக்கில்ல, அதுக்கு" என்றேன்.