சமயநல்லூர் கம்ப்யூட்டருக்கு நாலு நடை

வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர்களுக்கு எந்தக் கோளாறும் பயமில்லை. "நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் இப்படி ஆயிருச்சு" என்கிற ஒரு வாக்கியம்தான் பயம். பத்து வருடமாக அவனியாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி மதுரையைச் சுற்றி இந்த வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் நான்தான் காரணம். மழையில் வயர் நனைந்தாலும் நான்தான். போன மாதம் வரை இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். இப்போது ஏறுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். மிக்ஸி, டிவி, ஃபிரிட்ஜ் என்று நீங்கள் எதைப் பழுது பார்ப்பவராக இருந்தாலும் இது உங்கள் கதையும்தான்.

ஆள் எங்கே?

சமயநல்லூரில் தனம் என்று ஒரு பெண். வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மிஷின் போட்டு, கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு வேலைப்பாடு செய்து தருகிறாள். மயில், மாங்காய், கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, மிஷினில் செருகினால் ஊசி அதை அப்படியே தைத்துவிடும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அவள் கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பூஜை முடிந்து பத்தாம் நாள் போன் வந்தது. பூஜைக்குப் பிறகு வந்த முதல் வேலையை எடுத்து, பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிடுகிறதாம். அடுத்த வாரம் ஒரு கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட்டோடு சேர்த்து ஐந்து ஜாக்கெட்டும் வேலை தொடங்காமல் கிடக்கிறதாம்.

உடனே போனேன். தனம் நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் அவள் கணவர் பாண்டி. பகலில் வயலில் இருப்பவர், என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். நான் உள்ளே போய், பையிலிருந்த என் பென் டிரைவை முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என்று எல்லாத் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகினேன். கம்ப்யூட்டர் அணையவே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்தேன். பாண்டி வாசல்வரை வந்து மரியாதையாகக் கேட்டார்: "சரிங்க மேடம், ரிப்பேர் பாக்குற ஆளு எப்ப வருவாரு?"

கிணற்று மோட்டார்

திரும்பும் வழியில் நான் ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் போன். "அக்கா, மறுபடியும் அணைஞ்சிருச்சு." மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். இந்த முறை தனம் இருந்தாள். "என் பென் டிரைவ எடுத்துட்டு வரவாக்கா?" என்று கேட்டாள். "எதுக்கு? கோளாறு கம்ப்யூட்டர்ல. என்கிட்ட இருக்கிறதே போதும்" என்றேன். நான் சொன்ன இந்தப் பதிலை நினைவில் வையுங்கள். பிற்பாடு நானே இதை நினைத்து நினைத்து என்னைத் திட்டிக்கொண்டேன்.

கரண்ட் கொடுக்கும் பெட்டி பலவீனமாகிவிட்டது என்று நானாக முடிவுசெய்து, அதைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினேன். என் பென் டிரைவைச் செருகினேன். நன்றாக வேலை செய்தது. செய்யாமல் என்ன, நேற்றும்தான் செய்தது! பக்கத்தில் நாற்காலி போட்டு அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்த பாண்டி சொன்னார்: "இம்புட்டுச் சின்னப் பெட்டிக்கே ரெண்டு நாளுன்னா, எங்க கெணத்து மோட்டாரப் பாக்க நீங்க இங்கயே குடியிருக்கணும் போலயே மேடம்."

என் வீட்டில் மட்டும் நல்ல பிள்ளை

அன்று சாயங்காலமே மூன்றாவது போன். மறுநாள் போய், அந்தக் கேபினெட்டை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்து அவனியாபுரத்துக்கே தூக்கி வந்தேன். பிரிண்டர், போன், இரண்டு பென் டிரைவ், எதெல்லாம் கைக்குக் கிடைத்ததோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகினேன். நாள் முழுக்க ஒரு சிணுங்கல் இல்லை. வாயில்லாத அந்தப் பெட்டியை என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அடுத்த நாள் கொண்டுபோய் வைத்து, வயரெல்லாம் மாட்டி, காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "தனம், நான் இருந்தா ஒழுங்கா ஓடுது. நான் போனதும் அணையுது. நீ என்னதான் பண்ற அத?" என்று கத்தியே விட்டேன்.  அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒன்னும் பண்ணலக்கா. பூஜைக்கு முந்தின நாள் நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் இப்படி ஆயிருச்சு."

துணிப்பை

பெட்டியை எடுத்து வந்ததையும் திருப்பி வைத்ததையும் ஒரே நடையாக வைத்துக்கொண்டால், நாலாவது நடை சண்டை போடத்தான் போனேன். ஆனால் வாசலிலேயே கோபம் இறங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணின் அம்மா கையில் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு மூன்றே நாள். "துணியக் குடுத்துரு தனம். டவுன்ல எங்கயாச்சும் குடுத்துக்கிறோம். உன்னக் குத்தம் சொல்லல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மிஷின் வாங்கியபின் தனத்துக்குக் கிடைத்த முதல் முகூர்த்த ஜாக்கெட் அது. அது திரும்பிப் போனால் சமயநல்லூரில் இன்னொரு கல்யாண வீடு அவளைத் தேடி வராது. தனம் அழவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"ஒரு பத்து நிமிசம் இருங்கம்மா" என்று அந்த அம்மாவிடம் கெஞ்சினேன். தனத்திடம், "இன்னைக்கு நான் எதையும் தொடல. நீ தினமும் எப்படிச் செய்வியோ அப்படியே செய்" என்றேன். அவள் நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். ஒரு டப்பாவைத் திறந்து, மூடி தொலைந்துபோன பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தப் பழைய மிஷின், கொஞ்சமாகவே கொள்ளும் பழைய மாடல் பென் டிரைவைத்தான் படிக்குமாம். இப்போது கடைகளில் அது கிடைப்பதில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, அதனால்தான் சாமிக்குப் பக்கத்தில் பத்திரம். கொண்டுவந்து செருகினாள். கம்ப்யூட்டர் அணைந்தது.

பிடுங்கிப் பார்த்தேன். அதன் தகர வாய்க்குள் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. மூடிய டப்பாவுக்குள் இருந்ததால் ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. உள்ளே தனித்தனியாக இருக்க வேண்டிய நான்கு தகடுகளும் அந்தச் சேற்றில் ஒன்றாகிக் கிடந்தன. செருகியதும் கரண்ட் தப்பான வழியில் பாயும். கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். நாலு நாள் அலைச்சலும் சேர்ந்து எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "யாரு இதுக்குப் பொட்டு வச்சது? கொஞ்சமாவது யோசனை வேணாம்?" தனம் கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "நீங்கதானக்கா வச்சீங்க."

ராசியான கை

எல்லாம் நினைவுக்கு வந்தது. தூசி தட்டி முடித்த அன்று தனம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் நீட்டி, "உங்க கையாலயே வச்சிருங்கக்கா, ராசியான கை" என்றாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. கேபினெட்டுக்கு மூன்று, மவுசுக்கு ஒன்று, இந்த பென் டிரைவுக்கும் ஒன்று. பென் டிரைவ் சின்னது, என் விரலோ தடிமன். பாதிச் சந்தனம் வாய்க்குள் போயிருக்கிறது. "முன்னாடியே சொல்றதுக்கென்ன தனம்?" என்று கேட்டால், நான் வைத்தது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். அது செத்துப்போயிருந்தால் நான் எந்த முகத்தோடு எழுந்து போவேன்? நன்றாகக் காயவிட்டுச் செருகினேன். கம்ப்யூட்டர் அணையவில்லை. மயிலும் மாங்காயும் பென் டிரைவில் ஏறின, மிஷினும் அதைப் படித்தது. ஊசி தடதடவென்று தைக்க ஆரம்பித்ததும் தனம் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். எனக்கு அது வெட்கத்தில் வந்தது. பெண்ணின் அம்மா காலிப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த பூஜைக்கு நீங்க வந்து சுண்டல் மட்டும் சாப்பிட்டுப் போங்கத்தா, பொட்ட நாங்க வச்சுக்கிறோம்."

இந்தத் தொழிலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுகூடப் பெரிய விஷயமில்லை, கண்டுபிடித்த பிறகு நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.