உத்தமபாளையத்து மாடி வீட்டைக் காலி செய்த வாரம்

என் மகளும் மாப்பிள்ளையும் விடுமுறைக்குப் பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு அபார்ட்மெண்டில் ஒன்றரை மாதம் தங்கிவிட்டுப் போன வாரம் ஊர் திரும்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் போனில், “அம்மா, ஃபிரிட்ஜ்ல இருக்கிறதைத் தீர்க்கறதுக்கே நேரம் சரியா இருக்கு, வெளியில எங்கேயும் போக முடியலை” என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் ஒருமுறை வெளியூரில் வீடு எடுத்துத் தங்கிக் காலி செய்தவர்கள்தான். அப்படித் தங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. நான் சென்னையில் பள்ளிக்கூட டீச்சர். கணவர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். கல்யாணமாகி மூன்று வருடம். மயிலாப்பூரில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. கணவர் மஞ்சள் காமாலை வந்து தேறியிருந்தார். கொஞ்ச நாள் இடம் மாறி இருக்கட்டும் என்றார் டாக்டர். கூட வேலை பார்த்த உத்தமபாளையத்துக்காரர் ஒருவர், தன் தெருவில் மாடி ஒன்று காலியாக இருக்கிறது என்றார். இரண்டு பேருக்கும் விடுமுறை, கிளம்பிவிட்டோம்.

மதுரை வரை இரவு ரயில். அங்கிருந்து தேனிக்கு பஸ், எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். தேனியில் பஸ் மாறி, பழனிசெட்டிபட்டியைத் தாண்டித் தெற்கே இன்னொரு முப்பது கிலோமீட்டர். வலது கைப் பக்கம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். (இப்போது மதுரையிலிருந்து குமுளி பஸ் பிடித்தால் நேராக உத்தமபாளையத்திலேயே இறங்கலாம்.)

கீழ்வீட்டில் சொந்தக்காரர் ராவுத்தரும் அவர் மனைவி ஜைனம்பு அக்காவும் இருந்தார்கள். ராவுத்தருக்குத் தேங்காய் வியாபாரம். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, மேற்கே பார்த்த வராந்தா. கட்டில், குடம், அம்மி எல்லாம் அக்கா இரவல் கொடுத்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ் மட்டும் நாங்கள் தேனியில் வாங்கினோம். சுருளி அருவி, குமுளி, கம்பத்துத் திராட்சைத் தோட்டம் எல்லாம் முதல் மாதத்திலேயே பார்த்து முடித்தாயிற்று. அதற்குப் பிறகு அனுமந்தன்பட்டி வரை நடந்து போய்த் திரும்புவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதும் காலி செய்யும் வேலை ஆரம்பமானது. மீதமிருந்த அரிசிக்கும் பருப்பிற்கும் கணக்குப் போட்டுச் சமைத்தேன். ஒருநாள் வெறும் புளிக்குழம்பும் அப்பளமும். பால்காரரிடம் பாலை நிறுத்திவிடச் சொன்னோம். போர்வைகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். மேக்காற்று தொடங்கியிருந்தது. ஒரு போர்வை கொடியை விட்டுக் கிளம்பி எதிர்வீட்டு ஓட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ராவுத்தர் துரட்டியோடு வந்து தெருவில் நின்று, “கீழ எறங்க மாட்டேங்குதே! இந்த ஊர விட்டுப் போக அதுக்கும் மனசில்ல போல” என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானம் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். கூடவே ஸ்டவ்வையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய், “இதை நீங்களே வச்சுக்குங்க அக்கா” என்றேன்.

“புது ஸ்டவ்வுல்ல டீச்சரு? மெட்ராசுல வேணாமா?”

“அங்கே மாமியார் அடுப்பு இருக்கு. இதை எங்கே வைக்கிறது?”

அழுகிறேன் என்பதே கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் ஒரு நாள்கூட என் இஷ்டத்துக்கு ஒரு ரசம் வைத்ததில்லை.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அழுதுக்கிட்டே குடுக்குற சாமான நா வாங்க மாட்டேன். மேல கொண்டு போங்க. சாருட்டப் பேசுங்க. அவுக நல்லவுகதானே?”

நான் திரும்பியபோது கணவர் தண்ணீர்க் குடத்தோடு படியடியில் நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த ஸ்டவ்வை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். பெரியாற்று அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அன்றுதான் வந்திருந்தது. செம்மண் நிறத்தில், சருகும் நுரையுமாக ஓடியது. நாற்றுப் பாவ வேண்டியவர்கள் கரையில் நின்று சந்தோஷமாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஊருக்குத் திரும்ப நீ துடிச்சிட்டிருக்கேன்னு நினைச்சேன்” என்றார் கணவர். “வந்த புதுசுல தேளைப் பார்த்து அவ்வளவு பயந்தியே.”

“தேள் பழகிடுச்சு.”

“சமைக்கும்போது நீ பாடுவேன்னு எனக்கு இங்கே வந்துதான் தெரியும். மூணு வருஷமா தெரியாது.” பிறகு, “தனியா ஒரு வீடு பார்க்கலாமா?” என்றார்.

“உங்க அம்மா அழுவாங்க.”

“அழுவாங்க. அப்பா பேச மாட்டார். நான்தான் சொல்லுவேன். உன் பேரை இழுக்க மாட்டேன்.”

அந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ நாள் நடந்திருக்கிறோம். அன்று வீடு திரும்பிய நடைதான் மனதில் நிற்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது ஜைனம்பு அக்கா ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே மதுரை வரை வந்தேன்.

மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு: பெரிய சாமான் எதுவும் வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டால் கிடைக்கும். பார்க்க வேண்டிய இடங்களை முதலிலேயே பார்த்துவிடுங்கள். உத்தமபாளையத்துக்கு ஜூன் தொடக்கத்தில் போனால் காற்று பலமாக இருக்கும், ஆனால் ஆறு பார்க்க அழகு. கடைசி வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் வீட்டோடு இருங்கள். எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அப்போதுதான் புரியும்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கணவர் சொன்னபடியே சொன்னார். மாமியார் அழுதார், மாமனார் பேசவில்லை. ஆடி முடிந்ததும் மாம்பலத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு போர்ஷனுக்குக் குடிபோனோம். மாமியார் பால் காய்ச்ச வரவில்லை. தீபாவளிக்குப் போனபோதும் முகம் கொடுக்கவில்லை. மார்கழியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தனியாக பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. “கொஞ்சம் தலை சாய்க்கிறேன்” என்று பாயை விரித்துப் படுத்தவர், விளக்கு வைக்கும் வரை தூங்கினார்.

எழுந்து கூந்தலை முடிந்துகொண்டே, “இங்கே சத்தமே இல்லையேடி” என்றார். “எனக்குக் கல்யாணம் ஆனதிலேருந்து பகல்ல இப்படித் தூங்கினதே இல்லை.”

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.