தலைவர் அரிவாள்மூக்கன் அல்லர்

பூங்காக் காவலாளி மயில்வாகனம், பட்டினசபைத் தலைவரைப் பழித்து ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறாராம். தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர் சொன்னார்கள். மூவருமே கொப்பியைக் கண்டதில்லை. ஆனால் வரி வரியாக ஒப்பித்தார்கள். சரிதானா என்று பார்க்க நானே சபைக் கந்தோருக்குப் போனேன். ஊர் வன்னியில்தான். பெயரை எழுதினால் தலைவர் மறுப்புக் கடிதம் அனுப்புவார். அதைத் திருத்த எனக்கு நேரமில்லை.

மயில்வாகனம் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் வளர்ந்தவர். வயலில் குருவி கலைக்க விட்டால் குருவியை எண்ணிக்கொண்டு நிற்பாராம். தகப்பன் கடைசியில் அவரையே கலைத்துவிட்டார். பிறகுதான் இந்தக் குளக்கரைப் பூங்காவில் காவல். உட்கார ஐந்து வாங்கு, ஒரு கொன்றை, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த ஒரு பெரிய மருது. 'வந்துபோவோர் விபரம் நாள்தோறும் எழுதவும்' என்று சபை கட்டளையிட்டது; கொப்பி கொடுக்க மறந்தது. சொந்தக் கொப்பியில் எழுதினார். மாரிச் சேற்றில் எந்த மனிதர் வருவார்? வந்தவர்களை எழுதினார்.

கிளாக்கர் யோகலிங்கத்தின் மேசையில் கொப்பி விரிந்து கிடந்தது:

'ஐப்பசி 20. முதல் மழை. நீர்க்காகம் ஒன்பது பேர். கார்த்திகை 12. ஆம்பல் பூத்தது. நாரையார் குடும்பத்தோடு வந்து மருதில் கூடு கட்டுகிறார். மார்கழி 4. அரிவாள்மூக்கன் வந்தார். சேற்றைக் கிளறினார். வயிறு நிரம்பியதும் போய்விட்டார்.'

வளைந்த மூக்குள்ள அந்தப் பறவைக்கு அதுதான் பெயர். தலைவரின் மூக்கும் வளைந்தது. குளம் தூர்வாரியதைப் பார்வையிட அவர் வந்ததும் மார்கழி நாலு. தலைவர் முன்னிலையில் மயில்வாகனத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"குருவியெண்டால் ஏன் காணும் 'வந்தார்' எண்டு மரியாதை?" என்றார் யோகலிங்கம்.

"வந்துபோவோர் எண்டு நீங்கள்தானே ஐயா கேட்டனியள். 'வந்தது' எண்டு எழுதினால் இலக்கணம் பிழைக்குமெல்லே?"

தலைவர் கதிரையை விட்டு எழும்பினார். "பகிடி விடுறான்! அந்த மருது நிண்டால்தானே வருவினம்? வெட்டுங்கோ அதை!"

மயில்வாகனத்தின் குரல் இறங்கியது. "ஐயா, கூட்டுக்கை குஞ்சு கிடக்குது. மாசி முடியுமட்டும் பொறுங்கோ. என்ன வேணுமெண்டாலும் எழுதித் தாறன்."

தலைவர் "ஓம்" என்று ஒப்புக்கொண்டார். யோகலிங்கம் சொல்லச்சொல்ல மயில்வாகனம் மன்னிப்புக் கடிதம் எழுதினார்: 'தலைவர் அரிவாள்மூக்கன் அல்லர் என்பதை இத்தால் உறுதிசெய்கிறேன்.'

தை பத்தில் மரத்தை வெட்டினார்கள். பறக்கப் பழகாத குஞ்சுகள் கொப்புகளோடு தண்ணீரில் விழுந்தன. மயில்வாகனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆறைத் தூக்கினார். இரண்டுதான் உயிரோடிருந்தன, அவையும் பொழுதுபடச் செத்தன. தலைவரிடம் கேட்டேன். "மாசி மட்டும் எண்டு கடிதத்திலை எங்கை கிடக்கு?" என்றார்.

அரிவாள்மூக்கன் சேற்றைக் கிளறும், நத்தை தின்னும். வாக்குக் கொடுத்துவிட்டு மரத்தோடு கூட்டைச் சாய்த்ததாக அந்தக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. ஆகவே மன்னிப்புக் கடிதம் முற்றிலும் சரி. தலைவர் அரிவாள்மூக்கன் அல்லர். அந்தப் பறவையிடம் யாராவது மன்னிப்புக் கேட்கட்டும்.

மயில்வாகனம் திங்கட்கிழமை தோறும் கந்தோருக்கு, யோகலிங்கத்திடம் போகிறார்.

"என்ரை கொப்பியைத் தாங்கோ ஐயா."

"மரமே இல்லை, இனி என்னத்தை எழுதப்போறீர் மயிலர்?"

"மாசி பிறந்திட்டுது. ஒருத்தரும் வரேல்லை எண்டு எழுதோணும்."

"வாற திங்கள் வாரும்."

இப்போது பங்குனி. கொப்பி சபை அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.