மகளோடு ஊஞ்சலாடிய மாலைகள்

மலாக்காவின் பத்து பெரண்டாமில் எங்கள் வீட்டில் சில நாட்களாக மாம்பழ வாசம் அடித்தது. வீட்டில் மாம்பழமே இல்லை. தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்ததும் நான் ஐஸ்பெட்டிக்குப் பின்னால்கூடக் குனிந்து தேடினேன்.

"இந்த வயசுல உனக்கு மாங்கா ஆச வந்துருச்சாலா?" என்று என் கணவர் கேலி செய்தார்.

ஒரு மதியம், மகள் குளித்துவிட்டு வந்த கையோடு நான் குளியலறைக்குள் நுழைந்தேன். உள்ளே புகை மண்டிக் கிடந்தது. அத்தனையும் மாம்பழ வாசம். திரும்பிப் பார்த்தால், பதினைந்து வயது மகள் ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். அவள் கையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வேப், அந்த மின்சிகரெட்.

"கூட்டாளி குடுத்தாமா. விளையாட்டுக்குத்தான் இழுத்தேன். இப்ப விட முடியல. கிளாஸ்ல கை நடுங்குது."

அடிக்க ஓங்கிய கை, 'விட முடியல' என்ற சொல்லைக் கேட்டதும் தானாக இறங்கிவிட்டது.

மறுநாள் அவளை கிளினிக்குக் கூட்டிப்போனேன். அந்த ஆசை அலைபோல வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அதுவரை அவளை வேறு எதிலாவது ஈடுபடுத்துங்கள் என்றார் தாதி. கேட்க எளிதாகத்தான் இருந்தது. வீட்டிலோ கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன. பூனையோடுகூடச் சண்டை போட்டாள்.

ஒரு மாலை சமையலறைக்கு ஓடி வந்து, "மா, வருதுமா," என்றாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த விளையாட்டுத் திடலுக்கு ஓடினேன். அவளை ஓர் ஊஞ்சலில் உட்காரவைத்து, பக்கத்து ஊஞ்சலில் தொழிற்சாலைச் சீருடையோடு நானும் உட்கார்ந்தேன்.

உந்தி மேலே போனபோது வயிற்றுக்குள் குறுகுறுவென்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் செருப்பு ஒன்று பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். இறங்கியபோது தலை சுற்றி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டோம்.

"போயிருச்சுமா," என்றாள்.

பிறகு தினமும் ஊஞ்சல்தான். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி முதலில் எங்களைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரும் வந்து ஆடினார்.

நடுவில் ஒருநாள், பள்ளிப்பையைக்கூட இறக்காமல் மகள் வந்து நின்றாள். "இன்னிக்கு ஒரு இழுப்பு இழுத்துட்டேன். நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நானே சொல்லிர்றேன்."

சுங்கை ஊடாங்கில் வேலை முடித்து வந்திருந்த என் கணவரும் அதைக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு திடலுக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கான ஊஞ்சலில் உடம்பை நுழைத்து உட்கார்ந்தவரால் திரும்ப எழ முடியவில்லை.

"மெதுவா இழுங்கலா, இடுப்பு போயிரும்," என்றார். இழுக்கத் தெம்பில்லாமல் மகள் புல்லில் விழுந்து சிரித்தாள். அவள் சொன்னதை நினைத்து அழப்போன நான், அந்தக் கண்ணீரோடே சிரித்தேன்.

அதன் பிறகும் ஓரிரு முறை தவறினாள். ஒவ்வொரு முறையும் அவளே வந்து சொன்னாள். இப்போது பல மாதங்களாக அதைத் தொடவில்லை. பள்ளி ஓட்டப்பந்தய அணியில் இருக்கிறாள்.

போன வாரம், அவளுக்கு முதன்முதலில் வேப் கொடுத்த அதே கூட்டாளி எங்கள் கேட்டருகே மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஆண்ட்டி, எனக்கும் வருது."

என் மகள் வெறுங்காலோடு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.