நாலே முக்கால் வருசம்

மாலை ஆறு மணிக்கு ஞானசெல்வி சோலார் இன்வெர்ட்டர் பெட்டியின் முன் நின்று, அன்றைய யூனிட்டை ஒரு பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் குறிக்கிறார். பன்னிரண்டு புள்ளி நான்கு. புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் விடமாட்டார். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோரம் இருக்கும் லாரி எடை மேடையில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. திருவேங்கடம் பக்கத்துப் பருத்தி, மக்காச்சோளம், ஜல்லி என்று எது வந்தாலும் இருபது கிலோ குறைந்தால் சண்டை வரும். சிவப்பு எண்கள் எங்கே எரிந்தாலும் அவர் கண் தானாகப் போய் நின்றுவிடும்.

எதையும் அவர் எடை மேடைக் கணக்கில்தான் சொல்வார். "லோடு வண்டிய ஏத்துனதும் வார நம்பரப் பார்த்து மலைக்கக் கூடாது. காலி வண்டியக் கழிச்சிட்டுப் பாக்கணும்." வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட இரண்டு லட்சத்து ஐயாயிரம் ஆகும் என்றதும் கணவர் தங்கசாமி மலைத்தார். ஞானசெல்வி கழித்தார். அரசு மானியம் எழுபத்தெட்டாயிரம். மிச்சம் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம். மகன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மாடியறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறான். பகலெல்லாம் ஏசி ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் நாலாயிரத்து அறுநூறைத் தொட்டிருந்தது. அது நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கினால் வருடத்துக்கு இருபத்தேழாயிரம் கையில் நிற்கும். "நாலே முக்கால் வருசத்துல போட்ட காசு வந்துரும். அப்புறம் வாரதெல்லாம் சரக்கு."

தங்கசாமிக்கு வேறு கணக்கு இருந்தது. சீட்டு எடுத்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்க வாசுதேவநல்லூர் வரைக்கும் போய்ப் பார்த்து வந்திருந்தார். "ஏட்டி, கார்னா நாலு பேரு ஏறிப் போலாம். கண்ணாடிய மாடியில காயப்போட்டு என்ன செய்ய?" ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு சரியில்லை. ஞானசெல்வி சத்தம் போடவில்லை. காருக்கு ஆகும் பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தார். அதை வைத்த மூன்றாம் நாள் தங்கசாமி காரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். பேனல்கள் மாடியேறின.

முதல் மின்வெட்டில் தங்கசாமிக்கு ஒரு பிடி கிடைத்தது. தெருவில் கரண்ட் போனதும் வீட்டிலும் போய்விட்டது. "மேல கரண்டு ஆலை, கீழ விசிறி மட்டை" என்று சிரித்தார். "லைன்ல ஆளு ஏறி வேலை பாப்பாங்க. நம்ம கரண்டு அங்கன போனா அவுகளுக்கு அடிச்சிராதா? அதான் அதுவே நின்னுருது. போடுததுக்கு முன்னாலயே கேட்டுட்டேன்" என்றார் ஞானசெல்வி. அவர் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: பக்கத்து வீட்டில் என்ன கட்டப் போகிறார்கள் என்பது.

கிழக்கு வீட்டுக்காரர் கபீர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகளும் மருமகனும் வந்தால் தங்குவதற்கு மாடியில் ஓர் அறை எழுப்பினார். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி ஏறியது. அந்த வாரத்திலிருந்து எடைச்சீட்டில் பன்னிரண்டு என்பது ஒன்பதாயிற்று. சோலார் கம்பெனிக்குப் போன் போட்டால், "மேகமா இருக்கும் மேடம்" என்றார்கள். ஒரு துண்டு மேகம் கூட இல்லாத மாசி மாதம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஞானசெல்வி மொட்டைமாடிக்குப் போய்விட்டார். தொட்டியின் நிழல் எங்கே நிற்கிறதென்று அரை மணிக்கொரு முறை பேனலின் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். பத்து மணி வரை அது இரண்டு பேனல்களின் ஓரத்தில் கிடந்தது. எல்லாப் பேனல்களும் ஒரே வரிசையில் கோத்தவை. இரண்டு மங்கினால் மற்றவையும் இறங்கும். தினம் மூன்று யூனிட் நட்டம். நாலே முக்கால், ஆறேகால் வருடமாக நீண்டுவிட்டது. சீட்டுப் பணம் முழுக்க அந்த மாடியில் கிடந்தது.

சாயந்திரம் கபீர் வீட்டுக்குப் போனார். கபீர் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். "அக்கா, என் மாடியில என் தொட்டிய எங்கன வைக்கணும்னு நீங்க சொல்லுதியளா?"

"உங்க மாடிதான் பாய். நீங்க மாட்டேன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்கு வருசத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல போவுது. கிழக்கு ஓரத்துக்கு மாத்த ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்னு பிளம்பர்கிட்ட கேட்டுட்டு வாரேன். நான் குடுக்கேன்."

தேநீர் கொண்டுவந்த கபீரின் மனைவி ஷிரின் பானு குறுக்கிட்டார். "புது பாத்ரூம் கிழக்கதான இருக்கு. தொட்டி அங்கன போனா பைப்பும் குறையும். அப்பவே சொன்னேன், கேட்டியளா?"

தொட்டி நகர்ந்தது. செலவில் பாதியைக் கபீரே ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரம் பன்னிரண்டு திரும்பி வந்தது. அடுத்து வந்த பில் நூற்று நாற்பது ரூபாய். தங்கசாமி அதை டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார், தாமே போட்ட கணக்குப் போல.

இப்போது தெருவில் சோலார் என்றால் அவரிடம்தான் வருகிறார்கள். போன மாதம் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லி ஒரு வீடு முடிஞ்சா ரெண்டாயிரம் உங்களுக்கு மேடம்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கபீர் உள்ளே வந்தார். விற்பனையாளர் எழுந்து, வண்ணப் படங்கள் போட்ட விளக்கத் தாளை அவர் கையில் கொடுத்தார்.

"நானும் போட்ரலாம்னு பாக்கேன் அக்கா" என்றார் கபீர்.

"ரெண்டு மாசத்துக்கு எத்தன யூனிட் ஓடுது பாய்?"

கபீர் செல்போனைத் தடவிப் பார்த்தார். "நூத்தி எம்பது."

"முதல் நூறு எல்லாருக்கும் சும்மா. மிச்சத்துக்கு நீங்க கட்டுதது இருநூறு கூட இல்ல. ஒரு கிலோவாட் போட்டாலும் மானியம் போக நாப்பதாயிரம் வரும். அது திரும்பி வர முப்பது வருசத்துக்கு மேல ஆகும். மாடியில ஏசி போட்டா ஒரு வருசம் பில்லப் பாத்துட்டு வாங்க. இப்ப வேண்டாம்."

"மேடம், அப்படி மட்டும் பார்க்கக் கூடாது" என்று விற்பனையாளர் தொடங்கினார்.

ஞானசெல்வி கபீரின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கினார். மடங்கியிருந்த ஓரத்தை நகத்தால் நீவிச் சரிசெய்தார். குனிந்து, நாற்காலிக்கு அருகில் திறந்திருந்த விற்பனையாளரின் பைக்குள் அதை வைத்து, ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினார்.