வரிகள் சந்திக்கும் இடம்

தன் இமையிலிருந்து ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்குகிறார் ஸ்டூரே. குச்சி நுனியில் அதை ஒட்டினால் கத்தி தயார். குளத்து நீரில் வாழும் ஸ்டென்டார் என்ற ஒற்றைச் செல் உயிரியை அதைக் கொண்டுதான் துண்டு போடுவார். ஊதுகுழல் போன்ற உடல், அதில் நெடுக நீல வரிகள். எந்தத் துண்டு எப்படி மறுபடி முழு உடலாகிறது என்று பார்ப்பதே உப்சாலா ஆய்வகத்தில் அவருடைய வேலை. அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். யாருடைய கருத்து பொய்த்துப்போகிறதோ, அவர் வெள்ளிக்கிழமைக் காபிக்குப் பலகாரம் செய்துவர வேண்டும்; எதில் தோற்றார் என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஸ்டூரே சில மாதங்களாக வாராவாரம் ஏலக்காய் பன் கொண்டுவருகிறார். காரணம் மட்டும் வாயில் வருவதில்லை.

"என்ன ஸ்டூரே, இந்த வாரமும் தோத்துட்டியா? இப்படியே போனா நாங்க குண்டாயிடுவோம்ப்பா," என்று சீண்டுவாள் பக்கத்து மேசை ஈடா.

"சும்மா தின்னு."

காரணம் குனில்லா. இளவயதில் இதே அறையில் அவரோடு வேலை பார்த்தவள். அகல வரியும் ஒடுங்கிய வரியும் சந்திக்கிற இடத்தில்தான் புது வாய் முளைக்கிறது, உட்கரு மட்டும் போதாது, மேற்பரப்பின் அமைப்பும் வேண்டும் என்றாள்.

"வரி வெறும் சட்டைடீ! குனில்லா செல்லுக்குத் துணி தைக்கிறா பாருங்க!" என்றார் ஸ்டூரே, காபி மேசையில். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடுத்த பருவமே அவள் வடக்கே, கிருனாவுக்குப் பள்ளி ஆசிரியையாகப் போய்விட்டாள்.

போன இலையுதிர்காலத்தில்தான் ஸ்டூரே வரிகளை இடம் மாற்றி ஒட்டிப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் வாய் முளைத்தது.

இந்த வெள்ளிக்கிழமை, அவர் கூப்பிட்டதன் பேரில் குனில்லா வந்தாள். நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"ஒண்ணும் தெரியலை ஸ்டூரே. என் கண்ணு போயிடுச்சு. நீயே சொல்லு."

"நீ அப்ப சொன்னதுதான். ரெண்டு வரியும் சேர்ற இடத்துலதான் வாய் வருது." குரலைத் தாழ்த்தியே சொன்னார்.

சாத்தியிருந்த கதவின் பக்கம் குனில்லா முகத்தைத் திருப்பினாள்.

"அன்னைக்குக் கதவைச் சாத்திட்டா பேசினே?"

அடுத்த அறையில் கோப்பைகளின் சத்தம், ஈடாவின் சிரிப்பு. ஸ்டூரே பன் தட்டை எடுத்துக்கொண்டு முழங்கையால் கதவைத் தள்ளினார். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. ஒரு பன் உருண்டு விழுந்தது. குனிந்து எடுக்காமல் நடந்தார்.