தேயிலைக்குள் பிடுங்கிய கீரை

நான் இருந்தேன். என் நாத்தனார் இருந்தாள். கடைசிக் காம்பராவில் புதிதாய்ப் பிள்ளை பெற்ற பெண் இருந்தாள். அவள் புருஷன் இருந்தான். மேலே ரோட்டில், எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு இருந்தார்.

வேலைநிறுத்தம். தோட்டத்தில் அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் லயத்தில் வரிசையாய்ப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு வீடு. கண்டாக்கு காலையில் ரோட்டில் நின்று தகரக் கூரைகளைப் பார்ப்பார். எந்தக் கூரையில் புகை இல்லையோ அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவார். காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுத்தால் அரிசி உண்டு என்று சொல்லச் சொல்வார். ஒரு வீடு வேலைக்கு இறங்கினால் லயமே இறங்கும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புகை வந்த வீடுகளிலும் சோறு இல்லை. கீரைதான் வெந்தது.

அன்று கடைசிக் கூரையில் புகை இல்லை. அந்த வீட்டுப் புருஷன் வேலைக்குப் போகக் கம்பளியைத் தலையில் போட்டுவிட்டான்.

"அவளுக்குப் பால் வத்திப் போச்சுக்கா. நான் என்ன செய்ய?"

"கம்பளியக் கீழ வை தம்பி. அடுப்ப நாங்க பத்த வைக்கிறோம்."

நாத்தனாரும் நானும் மலைக்கு ஏறினோம். தேயிலைக்கு நடுவே பண்ணைக்கீரை, மணத்தக்காளி. தண்ணீர் ஓடும் கான் ஓரம் சேம்பு. சேம்பு நாக்கை அரிக்கும். அதை முறிக்கப் புளி வாங்க வழியில்லை. புளியாரை ஒரு கை பறித்தோம்.

இறங்கும்போது கண்டாக்கு மறித்தார்.

"தோட்டத்துச் சாமான். கொட்டுங்கடி."

"களையெடுக்கிற நாள்ல இதப் புடுங்காட்டி அரநாள் கூலிக்குத்தான் பேரு போடுவீங்க. இன்னிக்குப் புடுங்கினா களவா?" என்றேன்.

"மாட்டுத் தீனிக்கு இம்புட்டு வாயா?"

நாத்தனார் விடவில்லை. "ஒங்களுக்கும் ஒரு கட்டு இருக்குங்க ஐயா. எடுத்துக்கிட்டுப் போங்க."

பிரம்பை ஓங்கினார். நாங்கள் நகரவில்லை. பிரம்பு இறங்கவில்லை. மடியில் கீரையோடு நடந்தோம்.

கடைசிக் காம்பராவில் அடுப்பு மூட்டினேன். சேம்புத் தண்டும் பண்ணைக்கீரையும் புளியாரையும் ஒரே சட்டியில். மணத்தக்காளியைத் தனியாக உப்புப் போட்டு அவித்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தேன். தேங்காய் இல்லை. வழித்துத் தின்றாள். விறகு ஈரம். கண் எரிந்தது. ஊதுவதை நிறுத்தவில்லை. அவன் கம்பளியை ஆணியில் மாட்டினான்.

வாசலுக்கு வந்தேன். கண்டாக்கு மறுபடி ரோட்டில் நின்று, பிரம்பை நீட்டிப் புகையும் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் எண்ணினேன்.

பன்னிரண்டு.